முப்பது வருடம் கழித்துச் சொல்கிறவரிடம் என்ன கேட்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய செய்திகளைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். அந்தச் செய்திகளில் வரும் குழந்தைக்கு எட்டு வயது இருக்கும், பதினொரு வயது இருக்கும். அந்த வயதில் சொல்ல முடியாமல் போய், முப்பதிலோ நாற்பத்தைந்திலோ முதல்முறையாக வாய் திறக்கிறவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. இவர்களில் பலருக்கு அதைச் செய்தவர் வீட்டு ஆள். சித்தப்பா, தாய்மாமன், தாத்தா, பெரியம்மா மகன். சில வீடுகளில் அண்ணன், அப்பா. குடும்ப ஆலோசனையிலும் மனநலச் சிகிச்சையிலும் சட்ட உதவியிலும் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. சொல்ல நினைப்பவருக்கும், அதைக் கேட்க நேர்கிறவருக்கும், அச்சில் ஏற்றும் தங்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

2007-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையான பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியிருந்தவர்கள். அந்தத் தலைமுறைக்கு இன்று இருபத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும். பலருக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் விடுதிகளிலும் தேவாலயங்களிலும் பிற நிறுவனங்களிலும் நடந்ததை விசாரித்த அரச ஆணையம் 2017-ல் அறிக்கை தந்தது. அதன் முன் பேசியவர்கள் முதல்முறை வெளியே சொல்வதற்குச் சராசரியாக 23.9 வருடம் ஆகியிருந்தது. அவர்களாவது அந்த இடத்தை விட்டு வெளியேறியவர்கள். செய்தவரோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டியவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: முதல் தடவையே எல்லாமும் வெளியே வராது. துண்டு துண்டாகத்தான் வரும். பெரும்பாலும் முதல் துண்டு ஒரு சோதனை. "அந்த மாமா வர்றதா இருந்தா நான் வரல." "அவரு ஆளு சரியில்லம்மா." டிவியில் செய்தி ஓடும்போது, "இதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்கும்போல" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பது. "என் ஃப்ரெண்டுக்கு இப்படி நடந்துச்சாம்" என்று தொடங்குவது. அதற்கு அம்மா, "அந்தப் பொண்ணு அங்க எதுக்குத் தனியா போச்சாம்?" என்று கேட்டுவிட்டால் போதும், பேச்சு அங்கேயே நிற்கும். தான் ஒரு பரீட்சையில் தோற்றுவிட்டோம் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது.

இரண்டாவது துண்டு, நடந்ததில் சிறியது. கையைப் பிடித்தார், பக்கத்தில் படுத்தார் என்கிற அளவில் நிற்கும். கேட்பவர் அதைத் தாங்குகிறாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது வரும். இடையில் வாரங்கள் போகும், சிலருக்கு வருடங்கள் போகும். வீட்டிலோ இதையே குற்றமாக்குகிறார்கள்: "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற." வீடு கலங்குவதைப் பார்த்ததும், சொன்னவரே "நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன் போல, விடுங்க" என்று பின்வாங்குவதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-ல் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த வரிசையைக் காட்டினார்: இரகசியம், கையறு நிலை, பொறியில் சிக்கி ஒத்துப்போதல், தாமதமாகவும் நம்ப முடியாதபடியும் சொல்லுதல், சொன்னதைத் திரும்பப் பெறுதல். பெரியவர்களிடமும் இதே போக்கைப் பார்க்கிறோம். ஒருவர் பின்வாங்கினார் என்பதை மட்டும் வைத்து, அவர் முதலில் சொன்னது பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

எப்போது சொல்கிறார்கள்? இது தற்செயலாக அமைவதில்லை. நம் வீடுகளில் இதற்கென்று சில நாட்கள் இருக்கின்றன. பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். முப்பது வருடம் எதுவும் பேசாத பெண், பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, சீர்வரிசை பேசி முடித்த பிறகு "என் பிள்ளையை அவர் மடியில் வைக்க மாட்டேன்" என்பார். எல்லோருக்கும் அது திமிராகத் தெரியும். மகளுக்குத் தனக்கு அது நடந்த அதே வயது வரும்போது சொல்கிறவர்கள் உண்டு. முறைப்பையனுக்குப் பேசி முடிக்கும்போது, அந்தப் பையனே செய்தவனாக இருந்தால், வாயைத் திறந்தே ஆக வேண்டிய நெருக்கடி வருகிறது. பிரசவத்துக்கான உள்பரிசோதனையில் உடம்பு விறைத்துப்போய் மருத்துவரிடம் சொல்கிறவர்கள் உண்டு. செய்தவர் இறந்து, பதினாறாம் நாள் காரியத்தில் ஊரே "தங்கமான மனுஷன்" என்று பேசுவதைக் கேட்கப் பொறுக்காமல் சொல்கிறவர்களும் உண்டு. ஆகவே ஒரு விசேஷத்துக்கு வர மறுப்பவரிடம் "கௌரவமா வந்துட்டுப் போ" என்று சொல்லும் முன், தனியாகக் கூப்பிட்டு, "அங்க உனக்குக் கஷ்டமான யாராவது இருக்காங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கேட்டது அவர் மனதில் இருக்கும்.

இனி, சொல்ல நினைப்பவருக்கு. உங்களுக்கு நடந்ததை வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்வதானால் அதற்குத் தயாரிப்பு தேவை. முதல் ஆளாக அம்மாவிடம் சொல்லத்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் செய்தவர் அம்மாவின் தம்பியாக இருந்தால், அம்மாவுக்குப் பிறந்த வீடு போகும். அப்பாவின் அண்ணனாக இருந்தால், புகுந்த வீட்டில் அவர் நிற்கும் இடம் போகும். அவர் உங்களை நேசிக்கிறார் என்பதும், அந்த நிமிடம் உங்களை நம்ப மறுக்கிறார் என்பதும் ஒன்றாகவே நடக்கலாம். எனவே இதனால் இழப்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் முதல் ஆளாக இருப்பது நல்லது: நெருங்கிய தோழி, உடன் வேலை செய்பவர், ஆலோசகர். அந்த ஒருவர் நம்பிய பிறகு வீட்டுக்குள் சொன்னால், வீடு மறுத்தாலும் நிற்பதற்குத் தரை இருக்கும்.

போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்லப் போகிறேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவேன். என்ன கேட்கப் போகிறேன். எதை இப்போது சொல்ல மாட்டேன். தொடக்க வாக்கியம் ஒன்று போதும்: "எனக்கு ஏழு வயசுலேருந்து பத்து வயசு வரைக்கும் இன்னார் என்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துக்கிட்டார்." மூன்றாவதுதான் பலரும் யோசிக்காமல் போவது. எதுவும் கேட்காமல் சொன்னால், கேட்டவர் தமக்குத் தோன்றியதைச் செய்யக் கிளம்பிவிடுவார். "நீங்க கேட்டுக்கிட்டா போதும்", "அவர் வர்ற விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க", "இனி பிள்ளைகளை அவர் வீட்ல விடாதீங்க" என்று ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். நான்காவது உங்களைக் காப்பது. உடம்பில் என்ன நடந்தது என்ற விவரத்தை அம்மாவுக்கோ கணவருக்கோ மனைவிக்கோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அதுக்கு மேல இப்ப பேச முடியல" என்பது முழுமையான பதில்.

விசேஷ நாளில், பயணத்தில், சண்டையின் நடுவில், இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். பகலில், அரை மணி நேரம் யாரும் வராத இடத்தில், நீங்களே எழுந்து கிளம்பக்கூடிய வசதியோடு சொல்லுங்கள். அன்றிரவு தங்க வேறு இடமும், போக வரப் பணமும் கையில் இருக்கட்டும். நீங்கள் அவர்கள் வருமானத்தில் வாழ்கிறீர்கள் என்றால் இன்னும் நிதானம் தேவை. சொன்ன பிறகு படிப்புக்கான பணம் நின்றுவிடுமா, வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது எளிதாகத் தோன்றும். ஆனால் அது பத்து நிமிடத்தில் குடும்பக் குழுவுக்குப் போய்விடலாம். எழுத்துதான் உங்களுக்கு வரும் என்றால், தாளில் எழுதி எதிரில் உட்கார்ந்து படிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சொன்ன பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, அடுத்த இரண்டு மூன்று நாட்கள் பெரிய அடியாக விழும். தூக்கம் போகும், பழைய வாசனையும் சத்தமும் திரும்பி வரும், "சொல்லியிருக்கவே கூடாது" என்று தோன்றும். இது பலருக்கும் நடப்பது. அந்த நாட்களுக்கு விடுப்பு எடுத்து, ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேட்பவருக்கு வருகிறோம். முதல் பத்து நிமிடம் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. "சொன்னதுக்கு நன்றி. நான் நம்புறேன். உன் மேல தப்பே இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?" இந்த நான்கும் போதும். கேட்கக் கூடாதவை: "ஏன் இத்தனை வருஷம் சொல்லல?", "எதுவரைக்கும் நடந்துச்சு?", "நீ ஏன் சத்தம் போடல?", "நல்லா ஞாபகம் இருக்கா?" ஞாபகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடி விழுந்த நினைவு தேதி வரிசையில் உட்கார்ந்திருக்காது. சுவரின் நிறமும் சோப்பு வாசனையும் துல்லியமாக இருக்கும், வருடம் குழம்பும். குழப்பத்தைச் சொல்லி மடக்குவது வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை. உங்களுக்கு அந்த வேலை இல்லை.

கோபப்படுகிறவர்களும் கெடுக்கிறார்கள். "அவனை வெட்டிட்டு வர்றேன்" என்று அண்ணன் கிளம்பினால், பாதிக்கப்பட்டவர் தன் வலியை விட்டுவிட்டு அண்ணனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். அதைவிட மோசமானது வீட்டுப் பஞ்சாயத்து. பெரியவர்கள் கூடுவார்கள். இருவரையும் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பல வருடம் பொய்யோடு வாழப் பழகியவர் அதைக் கை நடுங்காமல் செய்துவிடுவார். உண்மை சொல்ல வந்தவருக்குத்தான் கை நடுங்கும். பார்த்த ஊர், நடுங்கிய கையைப் பொய் என்று தீர்ப்பெழுதும். இன்னொரு வகை, செய்தவரைக் காலில் விழ வைப்பது. "விழுந்துட்டார்ல, இனி முடிஞ்சது" என்பார்கள். மன்னிக்காத பெண் அன்றிலிருந்து குற்றவாளி. பழைய நாளில் "கட்டிக்கிற முறைதானே" என்று கல்யாணம் பேசி முடித்த வீடுகளும் உண்டு. எந்த வடிவத்திலும் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1997-ல் விவரித்த ஒரு முறை இந்தக் கூட்டங்களில் அப்படியே அரங்கேறும்: மறுப்பது, சொன்னவரைத் தாக்குவது, தன்னையே பாதிக்கப்பட்டவராகக் காட்டுவது. "என்னைப் போய் இப்படிச் சொல்லிட்டியே, உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தேனே" என்ற அழுகைக்கு முன்னால் பல சபைகள் உருகியிருக்கின்றன.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006-ல் சென்னையில் துளிர் அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் 42 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மாணவிகளைவிட மாணவர்களின் விகிதம் அதிகம். ஆனாலும் ஆண்கள் சொல்ல வந்தால் "ஆம்பளைப் பையனுக்கு என்ன போச்சு" என்கிறோம். அவர்களை வாயடைக்க வைப்பது இரண்டு பயங்கள். ஒன்று, அப்போது உடம்பு எதிர்வினை காட்டியது, அப்படியானால் எனக்கும் சம்மதமா என்பது. தொட்டால் உடம்பு எதிர்வினை காட்டும்; கூசினால் சிரிப்பு வருவதைப் போல அது நரம்பின் வேலை, சம்மதத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இரண்டு, தனக்கு நடந்ததால் தானும் பிள்ளைகளிடம் அப்படி நடந்துவிடுவோமோ என்பது. இந்தப் பயத்தால் தன் மகளைத் தூக்கவே தயங்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தொடாதவர்கள். இதைக் கேட்பவர் வாயால் சொல்லிக் கேட்பது பெரிய மருந்து.

கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். கடமை இல்லை என்பது எங்கள் கருத்து. சொல்வதானால், முதலில் வேறொரு சிறிய அந்தரங்கத்தைச் சொல்லி, அதை அவர் சண்டையில் எடுத்து வீசுகிறாரா, தன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அழுகையெல்லாம் அடங்கிய பிறகு கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. செய்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இப்போது குழந்தைகள் இருக்கிறார்களா? பேரப்பிள்ளைகள், ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளை. ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ, அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் 19-வது பிரிவு. தெரிவிக்காமல் விட்டால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். இந்தப் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஆலோசகரிடம் போகிறவர் முதல் சந்திப்பிலேயே, "நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே தெரிவிக்க வேண்டியிருக்கும்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை வருடம் கழித்து வழக்குப் போட முடியுமா? சென்னையில் சிறுவயதில் உறவினரால் பாதிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்துக் கனடாவிலிருந்து புகார் கொடுக்கப் போராடிய ஒரு பெண் விஞ்ஞானியின் முயற்சிக்குப் பிறகு, 2018 அக்டோபரில் மத்திய அமைச்சகம் தெளிவுபடுத்தியது: போக்சோ குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் செய்யலாம். ஆனால் போக்சோ நடைமுறைக்கு வந்தது 14.11.2012. அதற்கு முன் நடந்ததற்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அதில் 376 (வன்புணர்வு), 377 (இயற்கைக்கு மாறான பாலுறவு) பிரிவுகளுக்குக் காலக்கெடு இல்லை. 354-வது பிரிவுக்கு (பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் தாக்குதல்) அன்று அதிகபட்சத் தண்டனை 2 வருடம் என்பதால் 3 வருடக் கெடு உண்டு. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. செய்தவருக்கு அப்போது 18 வயது ஆகவில்லை என்றால், இன்று அவருக்கு நாற்பது வயதானாலும் சிறார் நீதிச் சட்டப்படிதான் விசாரணை. அண்ணன், பெரியப்பா மகன் போன்றவர்கள் மீதான புகார்களில் இது தெரியாமல் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். தாமதம் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது என்பதை 1996-ல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகாரை எழுதும்போது தேதி நினைவில்லை என்று கலங்க வேண்டாம். எந்த வகுப்பு, எந்த வாடகை வீடு, எந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என்று எழுதுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வீட்டு முகவரிச் சான்று, பழைய டைரி, மனநல மருத்துவர் எழுதிய சீட்டு, முதலில் யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்ற விவரம் ஆகியவை உதவும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். வெளியூரில் இருப்பவர் மின்னஞ்சலில் அனுப்பி 3 நாட்களுக்குள் கையெழுத்திடலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். இலவச வழக்கறிஞருக்கு 15100, பெண்களுக்கான உதவிக்கு 181. "மானநஷ்ட வழக்குப் போடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது. முகநூலில் பெயர் போட்டு எழுதுவது வேறு விஷயம். அதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். புகார் கொடுக்காமல் ஒதுங்கி வாழ முடிவெடுப்பவரையும் மதிக்க வேண்டுகிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள். பல தமிழ் நாளிதழ்களில் இன்னும் "சில்மிஷம்" என்ற சொல் வருகிறது. "உல்லாசமாக இருந்தார்" என்று குழந்தை மீதான குற்றத்துக்கே எழுதுகிறார்கள். "கற்பழிப்பு" என்றால் போனது கற்பு, அதுவும் அந்தப் பெண்ணுடையது என்று பொருள் வந்துவிடுகிறது. இந்தச் சொற்களைப் படிக்கிற நாற்பது வயதுப் பெண், தனக்கு நடந்ததை வீட்டில் இந்தச் சொற்களால்தான் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு நாளிதழை மடித்து வைக்கிறார். "பாலியல் வன்முறை", "பாலியல் துன்புறுத்தல்" என்று எழுதுங்கள். குழந்தையின் குடும்ப விவரமோ பள்ளியோ சுற்றுப்புறமோ அடையாளம் காட்டும்படி வெளியிடக் கூடாது என்கிறது போக்சோவின் 23-வது பிரிவு. வீட்டுக்குள் நடந்த குற்றத்தில் செய்தவரின் பெயரையும் உறவுமுறையையும் ஊரையும் சேர்த்துப் போட்டால், குழந்தையின் பெயரைப் போட்டதற்குச் சமம். இத்தகைய செய்தி ஒவ்வொன்றின் கீழும் 1098, 181, 14416 ஆகிய மூன்று எண்களை ஒரு வரியில் அச்சிட முடியுமா என்று பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப, மனநல ஆலோசகர்கள் மற்றும் சட்ட உதவிப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.